இதர விஷயங்கள்

ஆண்டுக்கொரு நாள், ஜூன் கடைசியில்,
டான்யூப் கரையில் கொசு பெருத்திருக்கும் வாரத்தில்
பங்குதாரர் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை நான் எழுதுகிறேன்.
மணிக்கு நாற்பது லெவா. காபி இலவசம்.

தலைவர் ஒக்னியான் கிராச்சுனொவ்: தொண்ணூற்று மூன்று சதம்.
அவர் மைத்துனர்: ஆறும் சில்லறையும்.
அந்தச் சில்லறைக்கும் அப்பால், சன்னலோரம்,
கைப்பையை மடியில் வைத்து
ருமியானா வர்பானொவா: இருபத்தைந்து பங்குகள்.

இது தராசுத் தொழிற்சாலையாக இருந்தது.
இறைச்சிக் கடை, தபால் நிலையம், பிரசவ வார்டு,
நாட்டில் எதை நிறுத்தாலும்
இங்கே பிறந்த முள்தான் அசைந்தது.
ருமியானா கடைசி மேசை. அவள் வேலை பூஜ்யம்.
தட்டில் ஒன்றுமில்லாதபோது
ஒன்றுமில்லை என்று முள் சொல்ல வேண்டும்.
அதற்காக ஒரு திருகை மயிரிழை மயிரிழையாக
முப்பத்தோராண்டு திருப்பினாள்.
பதக்கம் ஒன்று உண்டு. சட்டையில் குத்திவிட்டவர்
அன்றைய இளைஞர் அணிச் செயலாளர், இதே கிராச்சுனொவ்.
அன்று தோழர் என்றார், இன்று திருமதி என்கிறார்.
இரண்டுக்கும் ஒரே புன்னகை.

தொண்ணூற்றாறில் கூப்பன் புத்தகம் தந்தார்கள்.
நாடு இனி உங்களுடையது என்றது தொலைக்காட்சி.
விற்று டயர் வாங்கினார்கள் சிலர்; பல் கட்டிக்கொண்டார்கள் சிலர்.
அவள் தன் மேசையைத்தான் வாங்குவதாக நினைத்துக்
கையெழுத்துப் போட்டாள்.
லேத்துகள் இரும்பு விலைக்குப் போயின.
(நிறுத்துப் பார்த்தது வெளியூர்த் தராசு.)
பிறகு கூரை.
பிறகு வணிக வளாகம்: பெயிண்ட், நாய்த் தீனி, குழந்தை அணையாடை.
மூலதனம் பெருக்கப்பட்டது,
ஏகமனதாக, ஒரு கை நீங்கலாக.

இந்த ஆண்டு, நிகழ்ச்சி நிரலின் ஏழாம் வரியில் எழுந்தாள்.
"என் பங்கு எங்கே இருக்கிறது?"
மைத்துனர் சிரித்தார். "பங்கு எங்கேயும் இருக்காதம்மா,
அது ஒரு விகிதம்."
"விகிதம் எனக்குத் தெரியும். இடம் கேட்கிறேன்."

கணக்கர் பெண் புதுசு. வாயை மூடிக்கொள்ளத் தெரியாமல்
கால்குலேட்டரைத் தட்டிவிட்டாள்:
மூன்று ஹெக்டேர், ஒரு கோடியே எண்பது லட்சம் பங்கு,
பெருக்கு இருபத்தைந்தால்.
"பக்கத்துக்கு இருபது சென்டிமீட்டர் வருது. கொஞ்சம் கூடவே."

ருமியானா என்னிடம் அடிக்கோல் கேட்டாள்.
கொடுத்தேன்.

சன்னல் வழியே பார்த்தோம்.
கார் நிறுத்துமிடம், மூன்றாம் விளக்குக் கம்பம்;
கடைசி மேசை அங்கேதான் இருந்ததாம்.
சாக்கட்டி கைப்பையிலேயே இருந்திருக்கிறது.
சதுரம் போட்டாள். காலணி கழற்றினாள். ஏறுவது போல நின்றாள்,
தரை மட்டம்தான் என்றாலும்.
முப்பத்தாறாம் எண் பாதம்.
குதிகால் மூன்று சென்டிமீட்டர்
கிராச்சுனொவின் நிலத்தில்.

வெள்ளை வேன் ஒன்று ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது.
ஓட்டுநர் இறங்கிக் கத்தினார்.
அவள் ஏதோ சொன்னாள், எங்களுக்குக் கேட்கவில்லை.
குனிந்து சதுரத்தைப் பார்த்தார்,
சிகரெட் பற்றவைத்தார், வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

கிராச்சுனொவ் காவலாளியை அழைக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.
"அவள் சரிபார்த்த தராசு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை,"
யாரிடம் சொன்னாரோ.
பிறகு எட்டாம் தீர்மானம்: இவ்வாண்டும் ஈவுத்தொகை இல்லை.

எனக்கொரு சட்டச் சிக்கல்.
அறையில் இல்லை, ஆனால் நிறுவன எல்லைக்குள் இருக்கிறாள்,
சொந்த நிலத்தில், முக்காலே மூணு வீசம்.
வருகை என்று எழுதுவதா, வெளிநடப்பு என்றா?

ஆதரிப்போர், என்றார் தலைவர். கைகள் உயர்ந்தன.
எதிர்ப்போர்.
அந்நேரம் கீழே அவளும் கை தூக்கினாள்,
வெயிலை மறைக்கவோ, அடுத்த வண்டியை நிறுத்தவோ.

எண்ணிக்கையில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.
மைத்துனர் காபியைக் கலக்கினார்,
சர்க்கரை போடாத காபியை.